பூசணிக்காய் ஏற்றி வந்த ரயில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை துவரம்பருப்பு வாங்கத் தங்கையா கடைக்குப் போனேன். கல்லாவில் ஆளைக் காணோம். கடைக்கு முன்னால் நாலைந்து பேர் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து 'கிர்ர்... கிர்ர்...' என்று ஒரு சத்தம்.

எலியா? இல்லை. எட்டிப் பார்த்தேன்.

தங்கையா திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ராயபுரத்தில் இருபது வருஷமாக மளிகை வியாபாரம். தெருவில் ஒரு தகராறு என்றால் நாலு பேர் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டி போட்டிருக்கிறார். எதிரே தகரத்தில் செய்த ரயில் வண்டி. சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றி வரும். மூர் மார்க்கெட்டில் வாங்கினாராம். யாருக்கு? வீட்டில் சின்னப் பிள்ளைகளே கிடையாது. பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

"வாங்க ஆச்சி. ஒரே ஒரு சுத்து. முடிஞ்சதும் பருப்பு போடுதேன்" என்றார், தலையைத் தூக்காமலே.

வெளியே நின்ற ஒருவர் சும்மா இருப்பாரா? "அண்ணாச்சி, வண்டி எத்தினி மணிக்குப் பொறப்படும்? பிளாட்பாரம் டிக்கெட்டு எடுக்கணுமா?"

வண்டி வளைவில் போய் முட்டிக்கொண்டு நின்றது. தங்கையா தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். நான் ஒரு எட்டு உள்ளே வைத்து, "கவுத்துப் பாரு அண்ணாச்சி. அடியில இன்னா கீதுன்னு பாரு" என்றேன்.

"நீங்க இரிங்க ஆச்சி. இது எஞ்சின் சமாச்சாரம். பொம்பளையாளுக்கு இதுல என்ன தெரியும்?"

நின்றிருந்தவர்களில் பழைய ராயபுரத்துக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் இருமினார். இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். அவர்களுக்கு விஷயம் தெரியும்.

பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தங்கையா இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர். பதிலை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒரு பத்தி எழுத ஏழு நாள் ஆகிறது. அதனால்தான் வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் — ரயில்வே எஞ்சின் ஷெட்டில் பத்தொன்பது வருஷம் சாம்பல் குழியில் வேலை பார்த்தவள் நான்.

சாம்பல் குழி என்றால் என்ன? ஓடிக் களைத்து வருகிற எஞ்சினுக்கு முதலில் வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். தண்டவாளத்துக்கு நடுவே ஆள் இறங்குகிற ஆழத்துக்கு ஒரு பள்ளம். எஞ்சின் அதன் மேல் வந்து நிற்கும். நாங்கள் எட்டுப் பெண்கள். உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் தட்டைத் திறந்து, எரிந்த சாம்பலை இழுத்துத் தள்ளி, தண்ணீர் ஊற்றி அணைத்து, கூடையில் அள்ளி மேலே கொண்டுவந்து கொட்டுவோம். பாதி வெந்த கரித்துண்டு இருந்தால் அதைப் பொறுக்கித் தனியாகப் போடுவோம். அதற்கு ஆளுக்கொரு சின்ன இரும்புக் கொக்கி. முழ நீளம்கூட இருக்காது. நுனியை ஊசி மாதிரி தட்டி வளைத்திருக்கும். இடுப்பில் செருகினால் ராத்திரி படுக்கிற வரைக்கும் அங்கேதான்.

கஷ்டமான வேலையா? கஷ்டம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். எஞ்சின் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கர்வம் வந்துவிடும். விடியற்காலையில் கடல் காற்றோடு சேர்ந்து துறைமுகத்துச் சின்ன எஞ்சின் 'குக்குக் குக்குக்' என்று சரக்கு வண்டிகளைத் தள்ளும். அது கோழி கூவுவதற்கு முன்னாலேயே எங்களை எழுப்பிவிடும். எண்ணூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டி திருவொற்றியூரைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இழுத்து வருவது எந்த எஞ்சின், எந்த டிரைவர், இன்றைக்கு அவர் வீட்டில் சண்டையா சமாதானமா என்று. சண்டை என்றால் விசில் நீளமாக இருக்கும்.

இப்போது கதைக்கு வருகிறேன். உலகச் சண்டை ஓய்ந்த மறு வருஷம் நடந்தது.

எங்கள் வீட்டுக்காரர் அதே ஷெட்டில் கலாசி. எஞ்சினைக் கழற்றிப் பழுது பார்க்கிற பிட்டர்மார் சொல்கிற சாமானைத் தூக்குவது, பிடி என்றால் பிடிப்பது, துடை என்றால் துடைப்பது. இருபத்தாறு வருஷமாக அதுதான் வேலை. பிட்டர் செய்கிற வேலை அத்தனையும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஷெட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ஏனென்றால், கலாசி கையில் யாரும் வேலையைக் கொடுப்பதில்லை. கொடுத்தால்தானே தெரியும்?

பிட்டர் ஆவதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. டெஸ்ட்டுக்கு ஷெட்டை நடத்துகிற போர்மன் பெயர் எழுத வேண்டும், அவருக்கும் மேலதிகாரியான பெரிய துரை கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பது வயசு ஆகிவிட்டால் பெயரே எழுத மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் நாற்பத்தொன்பது.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வாயால் கேட்கவில்லை. ஒரு எஞ்சின் செய்தார்.

தங்கையா வைத்திருக்கிற மாதிரி சாவி கொடுக்கிற தகரம் இல்லை. நிஜ எஞ்சின். நெருப்புப் போட்டு, தண்ணீர் கொதித்து, ஆவியில் ஓடுவது. நீளம் என் கையில் இரண்டு முழம். மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, கல்மண்டபம் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து செய்தார். கொதிகலனுக்குப் பழைய தாமிரக் குழாய் — கழித்துப் போட்டதை எடுத்துக்கொள்ளப் போர்மனே சீட்டு எழுதிக் கொடுத்தார். சக்கரங்களைத் திருவொற்றியூர் வார்ப்படப் பட்டறையில் ஒரு சிநேகிதர் வார்த்துக் கொடுத்தார். தண்டவாளம், துறைமுகத்தில் மரப்பெட்டிகளைச் சுற்றி வருகிற இரும்புப் பட்டை. விசிலுக்கு சைக்கிள் பம்பின் பித்தளைத் துண்டு.

நெருப்புக்கு? அது என் பங்கு. நிலக்கரி அந்தச் சின்ன வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புகைந்து புகைந்து அணைந்தது. நான் கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, புளியங்கொட்டை அளவுக்கு உடைத்துக் கொடுத்தேன். பிடித்தது பாருங்கள்... முதல் ஓட்டத்திலேயே முற்றத்தைத் தாண்டி, ஆட்டுக்கல்லில் மோதி, என் புடவைத் தலைப்பில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுத்தான் நின்றது. அந்தப் புடவையை நான் தைக்கவே இல்லை. யாராவது கேட்டால், "எஞ்சின் கட்ச்ச எடம்" என்று காட்டுவேன்.

விஷயம் போர்மன் காதுக்குப் போனது. சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், நல்ல மனிதர், வாயில் எப்போதும் சுருட்டு. வீட்டுக்கே வந்து பார்த்தார். சுருட்டு அணைந்ததுகூடத் தெரியாமல் அரை மணி நேரம் குந்திக் கிடந்தார்.

"கலாசி மேன், ஆயுத பூசைக்குப் பெரிய தொரை வர்றார். வருசத்துல அந்த ஒரு நாள்தான் அவர் நம்ம ஷெட்டுக்கு வர்றது. அவர் முன்னாடி இது ஓடணும். ஓடினா ஒன் பேரு அன்னிக்கே டெஸ்ட்டுக்கு. ஓடலை... நெக்ஸ்ட் இயர் ஒனக்கு வயசு போச்சு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஓடினால் பிட்டர். ஓடாவிட்டால் கலாசியாகவே வீட்டுக்கு வரவேண்டியது.

ஆயுத பூசை என்றால் மற்ற இடத்தில் எப்படியோ, எங்கள் ஷெட்டில் கல்யாணம் மாதிரி. ஒரு பெரிய எஞ்சினைக் கழுவித் துடைத்து, வாழை மரம் கட்டி, மாலை போட்டு நிறுத்துவார்கள். அதற்கு முன்னால் மேடை. ஷெட்டில் இருக்கிற சுத்தியல், ஸ்பானர், அரம், உளி, திருப்புளி அத்தனையும் அந்த மேடைக்குப் போகும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டியாகிவிட்டால் மறுநாள் காலைப் பூசை முடிகிற வரைக்கும் ஒரு கருவியையும் யாரும் தொடக்கூடாது. வண்டி ஓடியாக வேண்டுமே என்று ஓடுகிற எஞ்சின்களுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றபடி ஒரு திருப்புளியைத் தொட்டால்கூடக் குற்றம். ஊரே சொல்லும்.

காலையில் நாங்கள் எட்டுப் பெண்களும் தலைக்குக் குளித்துவிட்டு, கூடையையும் கொக்கியையும் கழுவி எடுத்துக்கொண்டு போனோம். வருஷா வருஷம் கேட்பதுதான். அந்த வருஷமும் கேட்டோம்.

நாதமுனி மேஸ்திரி மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிட்டர்களுக்கெல்லாம் தலைவர். மீசையும் குரலும் ஒரே கனம்.

"இன்னாமே இது?"

"எங்க சாமானுங்க நைனா. ஒரு ஓரமா வெச்சுக்கிறோம்."

"கூடை இன்னா ஆயுதமா? குப்பை வார்றதையெல்லாம் சாமி முன்னால வெப்பாங்களா? போ, போ. கயித்துக்கு அப்பால போயி நில்லு."

என் பக்கத்தில் கன்னியம்மா. குழியில் என் ஜோடி. அவள் வாய்க்கு ஷெட்டே பயப்படும். "குப்பை வார்ற கை ஒரு நாள் நின்னா தெரியும் உன் எஞ்சினு இன்னா கதியாவும்னு" என்றாள்.

நான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்குச் சண்டை போட மனசில்லை. மனசெல்லாம் அந்த இரண்டு முழ எஞ்சினில் இருந்தது.

ஏற்பாடு என்னவென்றால், பூசை மேடையிலிருந்து பெரிய துரை உட்காரும் நாற்காலி வரைக்கும் சின்னத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வளைவு. எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு வண்டி. ஒன்றில் திருஷ்டி கழிக்கிற பூசணிக்காய். இன்னொன்றில் பித்தளைத் தட்டு — பொரி, கடலை, வாழைப்பழம். பிரசாதத்தை எஞ்சினே கொண்டுபோய் துரையிடம் கொடுக்க வேண்டும். யார் கையும் படக்கூடாது. போர்மன் யோசனை அது. அந்த மனிதருக்கு மூளை உண்டு.

பூசை முடிந்தது. பெரிய துரை ஜீப்பில் வந்து இறங்கினார். உயரமான ஆள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து இன்னொரு ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று கூட வந்தவர் போர்மன் காதில் சொல்வது எங்கள் வரைக்கும் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து கரியைப் பற்ற வைத்தார். புதுச் சட்டை. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

விசிறி, விசிறி... வீட்டில் பத்து நிமிஷத்தில் வருகிற ஆவி அன்றைக்கு அரை மணி ஆகியும் திணறித்தான் வந்தது. கடைசியில் எழுந்து கும்பிட்டார். நெருப்புக் கதவைச் சாத்தினார். பிடியைத் திருகினார்.

'சக்... சக்... சக்...'

ஷெட் முழுக்கக் கைதட்டல். கன்னியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பூசணிக்காய் ஆடிக்கொண்டே கிளம்பியது. நாலடி போயிருக்கும்.

'ச...க்...'

நின்றுவிட்டது.

மறுபடி திருகினார். சக்கரம் அரை வட்டம் சுற்றிப் படுத்துக்கொண்டது. ஆவி இல்லை. கரி போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டார். நிலைமை இன்னும் மோசம். புகைபோக்கியிலிருந்து மந்தமாக ஒரு புகை, ஊதுவத்தி மாதிரி.

ஆம்பிளைகள் எல்லோரும் சுற்றிக் குனிந்துவிட்டார்கள். ஆளுக்கொரு வைத்தியம். "சக்கரம் இறுக்கிக்கிச்சு." "இல்ல, குழாய்ல அடைப்பு." "தண்ணி ஜாஸ்தி." மேலே பார்க்கிறார்கள், பக்கத்தில் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு திருப்புளி கிடைத்தால் கழற்றிப் பார்த்துவிடுவார். பத்தடியில் மேடை, மேடை நிறையத் திருப்புளி. தொட முடியுமா? என் கண் முன்னால் அவர் கை மேடைப் பக்கம் நீண்டது. பிறகு தானாகவே மடங்கிக்கொண்டது. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

நாதமுனி மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "தொரை, ஒரு கலாசியப் போயி எஞ்சினு செய்யச் சொன்னா இப்டித்தான் ஆவும். நாளைக்குக் காலையில பூசை முடிஞ்சு திறந்து பாத்துக்கலாம்."

நாளைக்கா? நாளைக்குப் பெரிய துரை எங்கே, நாங்கள் எங்கே?

போர்மன் வாயில் இருந்த சுருட்டைக் கடித்துத் துப்பினார். "கலாசி! வாட் மேன், என்னா ஆச்சு?"

பெரிய துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அதன் சத்தம் ஷெட்டுக்குள் கேட்கிறது.

அப்போது நான் என்ன செய்தேன்? எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன். குனிந்ததால்தான் தப்பித்தோம். என் கண் எஞ்சினுக்கு அடியில் போனது.

எரிகிற எஞ்சினுக்கு அடியில் தண்டவாளத்தின் மேல் ஒரு சிவப்பு வெளிச்சம் விழும். டிரைவருக்கு அது தெரியாது, பிட்டருக்கும் தெரியாது. குழியில் நின்று நிமிர்ந்து பார்க்கிற எங்களுக்குத்தான் தெரியும். வெளிச்சம் நல்ல சிவப்பென்றால் வயிறு சுத்தம். மங்கல் என்றால் சாம்பல் அடைத்திருக்கிறது, காற்று ஏறவில்லை. இந்தச் சின்ன எஞ்சினுக்கு அடியில்? ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இருட்டு.

கயிற்றைத் தாண்டினேன்.

"ஏ! ஏ! இன்னாமே பண்றே! பூசை எடம்!" என்று மேஸ்திரி கத்தினார்.

நான் நிற்கவில்லை. எஞ்சின் பக்கத்தில் போய்க் குப்புறப் படுத்தேன். ஆமாம், புதுப் புடவையோடு, பெரிய துரை முன்னால், தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். குழி வேலை செய்கிறவளுக்கு அதில் என்ன வெட்கம்?

பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

நெருப்புப் பெட்டிக்குக் கீழே, காற்று போவதற்கு என்று பித்தளைத் தகட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டிருந்தார். எஞ்சினுக்கு மூக்கு அதுதான். பூசைக்கு அலங்காரம் பண்ணுகிறேன் என்று என் மகராசர் ஒரு இடம் விடவில்லை. சக்கரத்துக்குச் சந்தனம், புகைபோக்கிக்குச் சந்தனம், அந்தத் தகட்டுக்கும் ஒரு விரல் கனத்துக்குச் சந்தனம்! நடுவில் பெரிதாகக் குங்குமம் வேறு. சூட்டில் அது காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடக்கிறது. மூன்று வருஷம் பாடுபட்டுச் செய்த எஞ்சினின் மூக்கைப் பக்தி முற்றி அவரே அடைத்துவிட்டார். நெருப்புக் கதவு திறந்திருந்த வரைக்கும் வாயால் மூச்சு விட்டிருக்கிறது, சாத்தியதும் அதுவும் போச்சு.

"த, இங்க பாரு" என்றேன் அவரிடம். "மூச்சு வுடலன்னா எப்டி ஓடும்? சந்தனத்த மூக்குல அப்பி வெச்சிருக்கே."

அவர் தரையில் தலையை வைத்துப் பார்த்தார். "அடக் கடவுளே... அஞ்சலை, நாந்தான்... நானே தான்..." என்று தலையில் அடித்துக்கொண்டார். "எத்தக் கொண்டு சொரண்டுறது? சாமானு எல்லாம் பூசையில கீதே!"

இடுப்பிலிருந்து கொக்கியை உருவினேன்.

மேஸ்திரி பாய்ந்து வந்தார். "இன்னிக்கு ஆயுதத்தத் தொடக்கூடாது! தெரியாது?"

"ஆயுதத்ததான தொடக்கூடாது?" என்றேன். "இது ஆயுதம் இல்லன்னு காலையில நீதான சொன்னே நைனா. உன் பூசையில இதுக்கு எடம் இல்ல. அதனால இதுக்கு இன்னிக்கு லீவும் இல்ல."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள்... ஷெட் கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்தது.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தச் சொரண்டுறாளே, பாவம், பாவம்" என்று யாரோ முனகினார்கள்.

"சாமி மூக்குல அப்பினா சாமியே தும்மிடும்" என்றாள் கன்னியம்மா.

கொக்கி நுனியை ஓட்டைக்குள் விட்டு ஒவ்வொன்றாகக் குத்தினேன். பொலபொல என்று காரை உதிர்ந்தது. இத்தனை வருஷமாக மலை மாதிரி எஞ்சின்களுக்குச் செய்கிற வேலை. இதில் விரல் அளவு, அவ்வளவுதான் வித்தியாசம். மேலே அவர் அதிகமாகப் போட்ட கரியைப் பாதி இழுத்துத் தள்ளினேன். விசிறியை வாங்கி அடியில் இரண்டு வீசு.

முதலில் ஒரு ஓட்டையில் சிவப்பு. அப்புறம் பக்கத்தில். அப்புறம் தண்டவாளத்தின் மேல், பட்டுப் பாவாடை விரித்த மாதிரி, சிவப்பு வெளிச்சம் விழுந்தது. கொட்டாங்குச்சிக் கரி படபடவென்று வெடித்தது. கொஞ்ச நேரத்தில் மேலே சின்ன வால்வில் 'உஸ்ஸ்' என்று ஆவி சீறியது.

"இப்போ தொறந்து வுடு" என்றேன் அவரிடம்.

அவர் திருகினார்.

'சக். சக். சக். சக்...' மந்தமே இல்லை. அதட்டுகிற சத்தம். நான் தரையிலிருந்து எழுந்திருப்பதற்குள் வளைவுக்குப் போய்விட்டது. வளைவில் பூசணிக்காய் ஒரு பக்கம் சாய்ந்தது. அங்கே நின்ற முந்நூறு ஆம்பிளைகளும் அதோடு சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்கள். பூசணிக்காய் நிமிர்ந்தது. அவர்களும் நிமிர்ந்தார்கள். நேரே போய், துரை நாற்காலிக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பிடியை மூடவும், எஞ்சின் ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

அப்புறம் சைக்கிள் பம்ப் விசில். 'கூஊஊ...!'

பெரிய துரை எழுந்து நின்றுவிட்டார். முதல் தடவையாகச் சிரித்தார். குனிந்து, தட்டிலிருந்து ஒரு பிடி பொரி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஷெட்டில் எழுந்த ஆரவாரம் ராயபுரம் ஸ்டேஷனுக்குக் கேட்டிருக்கும். வெளியே குழிக்குப் பக்கத்தில் நின்ற எஞ்சின்காரர்களும் விஷயம் தெரிந்து நிஜ விசிலை இழுத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று எஞ்சின். காது அடைத்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. போக வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறேன்.

துரை இங்கிலீஷில் என்னவோ கேட்டார். போர்மன் என் பக்கம் திரும்பினார். "அஞ்சலை, இவ்ளோ பிட்டர் இருந்தும் கண்டுபுடிக்கல, நீ எப்டி கண்டுபுடிச்சேன்னு கேக்குறார்."

"அவங்கல்லாம் எஞ்சினை மேலேர்ந்து பாக்குறாங்க. நாங்க எட்டுப் பேரு கீழேர்ந்து பாக்குறோம்னு சொல்லுங்க தொரை" என்றேன்.

போர்மன் சொன்னார். பெரிய துரை எங்கள் வீட்டுக்காரரைக் காட்டி ஏதோ கேட்டார். இதைச் செய்தது நீதானா என்று.

அந்த இடத்தில் வேறு ஆம்பிளையாக இருந்தால் ஆமாம் என்று தலையை ஆட்டி முடித்திருப்பான். அவர் சொன்னார்: "செஞ்சது நானு தொரை. ஓட்டுனது எங்க வூட்ல" என்று என்னைக் கை காட்டினார்.

துரை ஜீப்பில் ஏறும் முன்னாலேயே கையெழுத்து விழுந்துவிட்டது. போர்மன் காகிதத்தை ஆட்டிக் காட்டினார். எங்கள் வீட்டுக்காரர் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து, புதுச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புகை என்று சொன்னார். கொட்டாங்குச்சிக் கரியில் அவ்வளவு புகை வராது என்று எனக்குத் தெரியாதா?

நாதமுனி மேஸ்திரியைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். வீறாப்பு உண்டு, ஆனால் கெட்ட மனிதர் இல்லை. குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"குடுமே, அந்தக் கொக்கிய. பொட்டு வெச்சு மேடையில வெக்கிறேன்."

"வேணாம் நைனா" என்றேன். "பொட்டு வெச்சா நாளைக்கு வரைக்கும் தொட முடியாது. வெளியே குழி மேல மூணு எஞ்சினு நிக்குது. உன் ஆளுங்கள அனுப்புறியா, சாம்பல் வார?"

நாங்கள் எட்டுப் பேரும் கூடையை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனோம். எவ்வளவு கம்பீரமாகப் போனோம் தெரியுமா? ராணிகள் ஊர்வலம் போனால்கூட அப்படிப் போகமாட்டார்கள்.

மறு மாசம் டெஸ்ட். அவர் பாஸ். எத்தனை பேர் எழுந்து வந்து கை கொடுத்தார்கள் என்று நான் இங்கே எழுத ஆரம்பித்தால் பத்திரிகைக்காரர் அடுத்த பக்கத்தையும் எனக்கே கொடுக்க வேண்டியிருக்கும். தங்கையா அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு வார்த்தை: ரயில் வண்டி ஆம்பிளைக்கா பொம்பளைக்கா என்று ஆராய்ச்சி வேண்டாம். அது யார் குனிந்து பார்க்கிறார்களோ அவர்களுக்கு. அப்புறம், அந்த வண்டிக்கு அச்சில் பொட்டலம் கட்டுகிற நூல் சுற்றியிருக்கும். மளிகைக் கடைத் தரையில் ஓட்டினால் வேறென்ன சுற்றும்?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கலாசிக்கு ஒன்றும் கிடையாது; பிட்டர் என்றால் சொந்தமாக ஒரு இரும்புப் பெட்டி கொடுப்பார்கள், சாமான் வைத்துக்கொள்ள. மூடியில் பெயின்டர் வெள்ளை எழுத்தில் பெயரும் வேலையும் எழுதித் தருவார். இங்கிலீஷில்தான் எழுதுவது வழக்கம். எங்கள் வீட்டுக்காரர், "தமிழ்லயே எழுதுப்பா, வூட்ல பாக்கணும்" என்று கேட்டு வாங்கிவந்தார்.

எனக்கு அப்போது ஒரு எழுத்தும் தெரியாது. பார்க்கத்தான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெட்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து ஓட்டுவேன். சுழி எங்கே ஆரம்பிக்கிறது, கால் எங்கே இறங்குகிறது என்று அவர் சொல்லுவார். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எனக்குச் சிலேட்டு, பலகை எல்லாம் அந்த மூடிதான். அந்த ஒரு வரியிலிருந்து எழுத்து எழுத்தாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்து, இன்றைக்கு உங்களுக்குப் பத்தி எழுதுகிறேன்.

கட்டினவர் பேரை வாயால் சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தடவை சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்லுவேன். ஆனால் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? இப்போது ரிடையராகி, உள்ளே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். நான் எழுதப் போவது அவருக்கே தெரியாது. அச்சுக் கோக்கிறவர் தயவுசெய்து பெரிய எழுத்தாக எடுத்துக் கோக்கட்டும்:

ஆ. முனுசாமி, பிட்டர்.